வில்லங்கம் இல்லாத நிலம் யாருக்கு?

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் சேர்ந்தாற்போல் இருநூறு ஏக்கர் வாங்க ஒருவர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் பணம் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. இருநூறு ஏக்கர் என்று ஒரு நிலமே அங்கே கிடையாது என்பதுதான் அவருக்கு முதலில் பிடிபடும். ஒன்றரை ஏக்கர், முக்கால் ஏக்கர், நாற்பது சென்ட் என்று உடைந்துபோன நூற்றுக்கணக்கான உட்பிரிவுகள்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. பட்டா தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா போய் முப்பது வருஷம் ஆகியிருக்கும். கூட்டுப் பட்டாவில் ஆறு பெயர் இருக்கும், அதில் இரண்டு பேர் எங்கே என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அத்தைகள் பாகம் வேண்டாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருப்பார்கள், விடுதலைப் பத்திரம் எழுதியிருக்க மாட்டார்கள். 1979 முதல் 1987 வரை நில ஆவணங்களைப் புதுப்பித்த திட்டத்தில் (கிராமங்களில் எல்லோரும் அதை ‘யூடிஆர்’ என்றுதான் சொல்வார்கள்) பக்கத்து வயல்காரர் பெயர் தவறுதலாக ஏறியிருக்கும். அதைத் திருத்தக் கோரிய மனு மாவட்ட வருவாய் அலுவலரிடம் இருக்கும். நடுவே ஒரு வாய்க்கால் புறம்போக்கு, அதை ஒட்டி மேய்க்கால், ஓரத்தில் ஒரு துண்டு பஞ்சமி நிலம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே அதில் வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் பதிவு செய்யாத உயிலும் எந்தச் சான்றிலும் வராது, பிற்பாடு நீதிமன்றத்தில்தான் வரும்.

இது எந்த அலுவலரின் அலட்சியத்தாலும் வந்ததல்ல. சட்டத்தின் அமைப்பே அப்படி. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிவு செய்கிறது, உரிமையைப் பதிவு செய்வதில்லை. விற்பவருக்கு நிலம் உண்மையில் சொந்தமா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை இல்லை. கொஞ்சமாவது பார்க்கட்டும் என்று தமிழ்நாட்டில் 55ஏ என்ற பதிவு விதியைக் கொண்டுவந்து, மூலப்பத்திரம் காட்டினால்தான் பதிவு என்றார்கள். சட்டம் தராத அதிகாரத்தை விதி தர முடியாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதது ஆக்கிவிட்டது. பட்டாவோ தீர்வை வசூலுக்காகப் பிறந்த ஆவணம். ரயத்துவாரிக் காலத்திலிருந்து அது யார் வரி கட்டுகிறார் என்பதைச் சொல்லிவருகிறது. யாருக்குச் சொந்தம் என்பதற்கு அது முடிவான சான்று இல்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. முடிவான உரிமைப் பதிவேடு வேண்டும் என்று 2008இல் மத்திய அரசு நாடு தழுவிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் பயனாக ஆவணங்கள் கணினியில் ஏறின. ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் இன்று யாரும் சிட்டா எடுக்கலாம். தாத்தா பெயர் தாளிலிருந்து திரைக்கு வந்திருக்கிறது. உரிமை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வளரும் நாடுகளுக்குப் பொருளாதார வல்லுநர்கள் முப்பது வருஷமாகச் சொல்லிவரும் பாடம் ஒன்று உண்டு. சொத்துரிமையைத் தெளிவாக்குங்கள், முதலீடு தானே வரும் என்பது அது. பெரு நாட்டின் ஹெர்னாண்டோ டி சோட்டோ 2000இல் எழுதிய ‘மூலதனத்தின் மர்மம்’ இதற்கு ஒரு வேதநூல் அந்தஸ்தே பெற்றது. ஏழைகளிடம் வீடும் நிலமும் இருக்கின்றன, அவற்றுக்குச் சட்டம் ஏற்கும் பத்திரம் இல்லாததால் அவை மூலதனமாக மாறாமல் கிடக்கின்றன என்பது அவர் வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் வடதமிழகத்தை வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. பட்டாக்கள் இந்த லட்சணத்தில் இருக்கும்போதே 1990களின் நடுவில் ஃபோர்டு மறைமலைநகருக்கு வந்தது. ஹூண்டாய் 1996இல் ஒப்பந்தம் போட்டு, இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் தயாரித்துவிட்டது. நோக்கியா 2005இல் கையெழுத்திட்டு, அடுத்த ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. ரெனோ-நிசான் 2010இல் ஒரகடத்தில் ஆலை திறந்தது. இவர்களில் யாரும் அந்த ஆறு பேர் கூட்டுப் பட்டாவோடு மல்லுக்கட்டவில்லை. அந்த வேலையை அரசு செய்துகொடுத்தது.

அரசு செய்தது நிலத்தைக் கையகப்படுத்துவது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். இந்த விஷயத்தின் முடிச்சு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, எடுக்கப்பட்ட நிலம் எல்லா வில்லங்கங்களும் நீங்கி முழுமையாக அரசைச் சேரும். பாகம் கேட்காத அத்தை, அடமானம் பிடித்தவர், யூடிஆரில் பெயர் மாறியவர், காணாமல்போன பங்காளி என அத்தனை பேரின் உரிமையும் ஒரே நொடியில் நிலத்தைவிட்டுக் கழன்று, இழப்பீட்டுத் தொகையின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்குள் சண்டை இருந்தால் பணம் நீதிமன்ற வைப்பில் போய்விடும். அவர்கள் அங்கே வழக்காடிக்கொள்ளலாம், நிலம் அதற்குள் தொழிற்பேட்டை ஆகிவிடும். தமிழ்நாடு தனக்கென்று 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தை இயற்றியபோது இதை இன்னும் கூர்மையாக்கியது. அதன்படி, விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பி ஆட்சேபணைகளைக் கேட்ட பிறகு அரசிதழில் ஓர் அறிவிக்கை வரும். அது வெளியான அன்றே நிலம் வில்லங்கம் எதுவுமின்றி அரசுக்குச் சொந்தம். இழப்பீடு பின்னால் வரும்.

ஆக, 1971இல் தொடங்கிய சிப்காட்டை வெறும் தொழிற்பேட்டை நிறுவனமாகப் பார்த்தால் பாதிதான் தெரியும். அது வில்லங்கம் நீக்கும் ஓர் இயந்திரம். கலங்கிய உரிமை ஒரு பக்கம் உள்ளே போகும், மறுபக்கம் தெளிந்து வெளியே வரும். அப்படித் தெளிந்த நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறார்கள். வருகிற நிறுவனம் பேச வேண்டியது ஒரே ஓர் உரிமையாளரோடு. அதன் வழக்கறிஞர் பார்க்க வேண்டியது ஒரே ஓர் ஆவணத்தை. சொத்துரிமையைச் சீர்படுத்தினால் முதலீடு வரும் என்ற பாடத்தை நாம் நமக்கே உரிய வகையில் புரிந்துகொண்டோம். முதலீட்டாளர் கால் வைக்கும் ஏக்கர்களில் மட்டும் உரிமையைச் சீர்படுத்தினோம்.

இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்ல நிறையவே இருக்கிறது. நிலப் போராட்டங்கள் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அரசு விலகிக்கொண்டு, நிறுவனமே நேரில் வாங்கட்டும் என்று விட்டால் என்ன ஆகும்? நிறுவனம் நேரில் வராது, தரகர் வருவார். பொது அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொள்வார், முன்பணம் கொடுத்து வருஷக்கணக்கில் இழுப்பார். முதலில் விற்றவருக்கு ஒரு விலை, கடைசியில் விற்றவருக்கு வேறு விலை. சுற்றியுள்ள நிலத்தை வாங்கி வேலி போட்டபின், நடுவில் மாட்டிக்கொண்டவர் பாதை இல்லாமல் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார். எங்கே சாலை வரும், எது தொழில் மண்டலம் ஆகும் என்ற செய்தி யாருக்கு முதலில் தெரிகிறதோ அவர் வாங்குவார், தெரியாதவர் விற்பார். அரசின் நில எடுப்பில் இழப்பீடு போதாமல் இருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு கோப்பு உண்டு, மேல்முறையீடு உண்டு, கேள்வி கேட்க ஓர் ஆட்சியர் அலுவலக வாசல் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. குத்தகை என்பதால் நிலம் அன்னிய நிறுவனத்தின் சொத்தாக மாறுவதில்லை. அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது, வெளிநாடுவாழ் இந்தியர்கூட வாங்க முடியாது. இந்தியாவில் பதிவான கம்பெனி தன் தொழிலுக்கு நிலம் வைத்துக்கொள்ளத் தடையில்லை என்பதால் அந்த வேலியில் பெரிய இடைவெளி உண்டு. குத்தகை அந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைக்கிறது. நோக்கியா கதையைப் பாருங்கள். உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை கொடுத்த ஆலை அது. சுற்றுக் கிராமங்களிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் அங்கே மூன்று ஷிஃப்டிலும் இருந்தார்கள். வருமான வரித்துறையோடு வழக்கு, மாநில விற்பனை வரித் தகராறு எனச் சிக்கி, 2014இல் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனபோது சென்னை ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேராமல் நின்றது. 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள், அதற்கு எந்தக் குத்தகையும் ஆறுதல் இல்லை. ஆனால் நிலம் பின்லாந்தில் முடிவாகும் மனை வியாபாரம் ஆகவில்லை. 2019இல் அந்த வளாகம் சால்காம்ப் கைக்கு மாறியது, அங்கே மறுபடி சார்ஜர்கள் தயாராயின, ஆட்கள் வேறு. வேலை இழந்தவர்கள் அப்படியே திரும்பக் கூப்பிடப்படவில்லை. ஆனாலும் தொழில் நிலம் தொழில் நிலமாகவே நீடித்தது.

அரசு இந்த வேலையைச் செய்யத் தவறினால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒடிசாவின் போஸ்கோ சாட்சி. தென்கொரியாவின் எஃகு நிறுவனம் 2005 ஜூனில் ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 1.2 கோடி டன், 50,000 கோடி ரூபாய்க்கு மேல், நாட்டுக்கு அன்று வந்த மிகப் பெரிய அன்னிய முதலீடு என்று பேசப்பட்டது. கேட்டது 4,004 ஏக்கர். அதில் பெரும்பகுதி காகிதத்தில் வனத்துறை நிலம், தரையில் வெற்றிலைக் கொடிக்கால். டிங்கியா பகுதியின் குடும்பங்கள் தலைமுறைகளாக அதில் வெற்றிலை பயிரிட்டு அந்த வருமானத்தில் வாழ்ந்தவை. ‘உங்களிடம் பட்டா இல்லை, ஆகவே எடுக்க எதுவும் இல்லை’ என்று அரசு நினைத்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அப்படி நினைக்க விடவில்லை. கிராமத்தினர் வழிமறித்தார்கள், 2012இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, 2017இல் போஸ்கோ போதும் என்று சொல்லிவிட்டது. ஒரு டன் எஃகுகூட வரவில்லை. எடுத்த நிலம் வெற்றிலைக்காரர்களுக்கும் திரும்பவில்லை, அரசின் நில வங்கிக்குப் போய் அங்கிருந்து ஜிண்டால் குழுமத்துக்குப் போனது. தமிழ்நாட்டு முறை இதைவிடத் திறமையானது என்பதில் சந்தேகமே இல்லை. எனக்குள்ள சந்தேகம் அந்தத் திறமைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதில்.

விலையிலிருந்தே தொடங்கலாம். இழப்பீடு சந்தை மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த மதிப்புக்கு அடிப்படை அரசின் வழிகாட்டி மதிப்பும் அக்கம்பக்கத்தில் சமீபத்தில் பதிவான கிரயப் பத்திரங்களும். முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்கப் பத்திரத்தில் பாதி விலை காட்டி, மீதியைக் கையில் வாங்குவது நம் ஊரில் யாரும் ரகசியமாகக்கூடச் செய்வதில்லை. அந்தப் பொய்விலைகள்தான் பிறகு ஊர் முழுவதற்கும் சந்தை மதிப்பாக வந்து நிற்கின்றன. இதில் நிலத்தை விற்கவே விற்காத விவசாயி, விற்றவர்கள் சொன்ன பொய்க்குத் தண்டனை அனுபவிக்கிறார். அரசும் வழிகாட்டி மதிப்பைத் தன் வசதிக்கு ஏற்றி இறக்குகிறது. 2017இல் மனை வியாபாரம் படுத்துவிட்டது என்று 33 சதவீதம் குறைத்தது, 2023இல் பழைய அளவுக்கு ஏற்றியது. இடையில் எடுக்கப்பட்ட நிலத்துக்கு எந்த மதிப்பு என்பது சந்தையின் முடிவில்லை, நாட்காட்டியின் முடிவு.

அடுத்தது, காகிதம் இல்லாதவர்கள். வில்லங்கம் நீக்கும் இயந்திரம் இழப்பீட்டைக் காகிதத்தின் பெயரில்தான் கொடுக்கும். வாரத்துக்கு உழுதவர், புறம்போக்கில் மாடு மேய்த்தவர், நடவுக்கும் அறுப்புக்கும் போனவர் ஆகியோருக்கு நிலத்தில் வாழ்வு இருந்தது, பெயர் இல்லை. செங்கல்பட்டில் இது வெறும் வர்க்க விஷயமும் இல்லை. அதே மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், 1891இல் பறையர் மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையிலிருந்துதான் 1892ஆம் ஆண்டுப் பஞ்சமி நில ஆணை பிறந்தது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த நிலங்களைத் தலித் அல்லாதவர் வாங்கவே கூடாது என்பது நிபந்தனை. பெரும்பகுதி கைமாறிப்போயிற்று. மீட்கக் கேட்டு காரணையில் 1994இல் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து இருவர் உயிரிழந்தார்கள். அந்த மண்ணில்தான் கார்த் தொழிற்சாலைகளும் எழுந்தன. அங்கே நிலம் எடுக்கும்போது ‘எல்லா வில்லங்கமும் நீங்கி’ என்ற வாசகத்துக்கு ஒரு தனிக் கனம் சேர்கிறது. பஞ்சமி நிபந்தனையும் சட்டத்தின் கண்ணில் ஒரு வில்லங்கம்தான். எடுப்பதற்கு முன் யார் பெயரில் இருந்தது, யார் பெயரில் இருந்திருக்க வேண்டும் என்று பார்க்கும் கடமை எந்தத் தாசில்தாரையும் நெருக்குவதில்லை. எடுத்த பிறகு பார்த்துப் பயனில்லை.

நில உச்சவரம்பையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை 1970இல் இறுக்கி, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் என்று வரம்பு வைத்தார்கள். தொழில் நிறுவனம் அரசின் அனுமதியோடு அதற்கு மேலும் வைத்துக்கொள்ள அதே சட்டத்தில் பிரிவு உண்டு. உழுபவருக்கு வரம்பு, உற்பத்திக்கு விலக்கு. இதில் தவறில்லை என்றும் வாதிடலாம். வாதிடுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

2013இல் நாடாளுமன்றம் நில எடுப்புச் சட்டத்தை அடியோடு மாற்றி எழுதியது. நில எடுப்பை எதிர்த்து மேற்கு வங்கத்தில் கொந்தளித்த சிங்கூரும் நந்திகிராமமும் கற்பித்த பாடம் அது. தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினர் ஒப்புக்கொள்ள வேண்டும். கிராமப்புறத்தில் சந்தை மதிப்பை இரண்டு மடங்கு வரை பெருக்கி, அதன் மேல் அதே அளவு ஆறுதல் தொகை சேர்க்க வேண்டும். எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு நடத்த வேண்டும். குத்தகை விவசாயியும் கூலித் தொழிலாளியும் பாதிக்கப்பட்டவர்களாகக் கணக்கில் வந்தார்கள். ஐந்து வருஷம் சும்மா கிடந்தால் நிலம் பழைய உரிமையாளருக்கோ நில வங்கிக்கோ திரும்ப வேண்டும். மேம்படுத்தாமலே வேறு ஒருவருக்குக் கைமாற்றி லாபம் பார்த்தால் உயர்ந்த மதிப்பில் 40 சதவீதம் பழைய உரிமையாளர்களுக்குப் போக வேண்டும்.

தமிழ்நாடு என்ன செய்தது? 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, தொழிலுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம், நெடுஞ்சாலைச் சட்டம், ஆதிதிராவிடர் நலத்துக்கான நில எடுப்புச் சட்டம் மூன்றையும் புதிய சட்டத்திலிருந்து விலக்கிக்கொண்டது. 2015 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. இழப்பீட்டுக் கணக்கு மத்தியச் சட்டப்படி இருக்கட்டும் என்று ஏற்றார்கள். மதிப்பீடு, திருப்பிக் கொடுத்தல், லாபப் பங்கு எல்லாம் வெளியே நின்றன. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மாநிலச் சட்டங்கள் 2013லேயே செத்துவிட்டன என்றது. அதே வருஷம் சட்டமன்றம் அவற்றுக்குப் புத்துயிர் கொடுக்கும் சட்டம் இயற்றியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. இந்தப் பயணத்தில் ஆட்சிகள் மாறின, கொள்கை மாறவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது விவசாயியோடு நிற்பதும் ஆளும்கட்சியான பிறகு முதலீட்டாளர் மாநாட்டு மேடையில் நிற்பதும் இரு கழகங்களுக்கும் பொது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசு தன் நிறுவனத்துக்காக எடுக்கும்போது மத்தியச் சட்டப்படியும் 80 சதவீத ஒப்புதல் தேவையில்லை. சிப்காட் அரசு நிறுவனம். ஆகவே 105ஏ இல்லாவிட்டாலும் சிப்காட் ஒப்புதல் கேட்க வேண்டியிருந்திருக்காது என்ற வாதத்துக்கு இடமுண்டு. அதனால்தான் சமூகத் தாக்க மதிப்பீடு முக்கியமாகிறது. ஒப்புதல் இல்லாத இடத்தில், ஊர்க்காரர்கள் வாய் திறக்கச் சட்டம் தந்த அவை அது. அந்த அவையை மூடியபின் திருவண்ணாமலை மாவட்டம் மேல்மாவில் நடந்தது நடந்தது. செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2023இல் விவசாயிகள் மாதக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நவம்பரில் கைது செய்யப்பட்டவர்களில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களில் ஆறு பேர் மீதானது திரும்பப் பெறப்பட்டது. ஆட்சேபணை என்பதைச் சட்டம் விளக்கக் கடிதமாகச் சுருக்கினால், அது வேறு எங்கேயாவது வெடிக்கத்தான் செய்யும்.

இனி முதலீட்டாளர் பக்கம் போவோம். அவருக்கு ஒரு மனக்குறை வந்தால் என்ன செய்வார்? ஆஸ்திரேலியாவின் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ், ஜார்க்கண்டின் பிப்பர்வார் நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் கோல் இந்தியாவோடு 1989இல் ஒப்பந்தம் போட்டது. தகராறில் 2002இல் அதற்கு ஒரு நடுவர் தீர்ப்பு கிடைத்தது. அதை இந்தியாவில் நிறைவேற்றக் கேட்டது. நம் நீதிமன்றங்கள் வழக்கம்போல் இழுத்தன. எட்டு வருஷம் பொறுத்துப் பார்த்தது போதும் என்று முதலீட்டு உடன்படிக்கையின் கீழ் இந்திய அரசையே நடுவர் மன்றத்துக்கு இழுத்தது. 2011 நவம்பரில் தீர்ப்பு. உரிமையை நிலைநாட்ட ‘பயனுள்ள வழி’ தரத் தவறியதற்காக இந்தியா பணம் கட்ட வேண்டும்.

அதே நீதிமன்றங்களில் இழப்பீட்டை உயர்த்தக் கேட்டுக் காத்திருக்கும் விவசாயிகளை நினைத்துப் பாருங்கள். எட்டு வருஷம் அங்கே இளம் வழக்கு. ஹிமாசலப் பிரதேசத்தில் 1967-68இல் சாலைக்காக நிலம் எடுத்துக்கொண்டு, நில எடுப்பு நடவடிக்கையும் இல்லாமல் இழப்பீடும் இல்லாமல் விட்டார்கள். நிலத்தை இழந்த, படிப்பறிவில்லாத ஒரு விதவை, எண்பது வயதில் உச்ச நீதிமன்றம் வரை வந்துதான் 2020 ஜனவரியில் நியாயம் பெற்றார். சொத்துரிமை மனித உரிமை என்று அந்தத் தீர்ப்பு அழகாகச் சொல்கிறது. அரசியல் சட்டத்திலிருந்து அடிப்படை உரிமை என்ற அந்தஸ்தை 44ஆம் திருத்தம் 1978இல் நீக்கியபின் நமக்கு மிஞ்சியது 300ஏ. சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். சட்டம் இயற்றுவது யார் என்பது கேள்விக்குரியதே இல்லை.

தமிழ்நாட்டுக்கே நேராக வந்த வழக்கு நிசானுடையது. 2008 ஒப்பந்தத்தில் மாநில அரசு வாக்களித்த வரிச்சலுகைத் தொகை வரவில்லை என்று 2017இல் அது இந்தியா மீது சர்வதேச நடுவர் வழக்குத் தொடுத்தது. ஜப்பானோடு 2011இல் நடைமுறைக்கு வந்த பொருளாதாரக் கூட்டாண்மை உடன்படிக்கைதான் ஆதாரம். வட்டியும் நஷ்டஈடும் சேர்த்து 5,000 கோடி ரூபாய் அளவுக்குக் கேட்டதாக அன்று செய்தி வந்தது. 2020இல் சமரசம் ஆயிற்று. நிசான் கேட்டதில் தவறு காண முடியாது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொன்னது. ஒரகடத்தில் நிலம் கொடுத்தவர்களுக்கும் வாக்கு கொடுக்கப்பட்டது, வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்பதுபோல. அந்த வாக்குக்கு ஹேக்கில் மன்றம் இல்லை, எழுத்தே பல இடங்களில் இல்லை.

சலுகைத் தொகை என்பது வரவேண்டிய ஒரு பணம், அவ்வளவே. அதை உடன்படிக்கைகள் ‘முதலீடு’ என்று சொத்துக்குச் சமமாக வைத்துக் காக்கின்றன. ஏழு தலைமுறை உழுத வயல் அறிவிக்கை வெளியான அன்றே கைவிட்டுப் போகிறது. ஒரே நாட்டில் சொத்துரிமைக்கு இரண்டு பலம் இருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான். சிப்காட் முறையின் திறமை இந்த வேறுபாட்டை வைத்துத்தான் இயங்குகிறது. பட்டா எவ்வளவு வலுவற்றதோ அவ்வளவு சுலபமாக அதை நீக்கி, வலுவான குத்தகையாக மாற்றிக் கொடுக்கலாம். அதனாலேயே பட்டாவை வலுப்படுத்தும் அவசரம் எந்த அரசுக்கும் வரவில்லை. முதலீடு வராமல் நின்றிருந்தால், முடிவான உரிமைப் பதிவேடு என்றைக்கோ வந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஒயிட் வழக்குக்குப் பிறகு வோடஃபோன், கெய்ர்ன் என்று முன்தேதியிட்ட வரியை எதிர்த்து வரிசையாக வழக்குகள் வந்ததும் மத்திய அரசு வேறு பக்கம் சாய்ந்தது. 2016இல் புதிய மாதிரி உடன்படிக்கையை வைத்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளோடு இருந்த பழைய உடன்படிக்கைகளை முடித்துக்கொண்டது. இனி வெளியே போகும் முன் ஐந்து வருஷம் இந்திய நீதிமன்றத்தில் முயல வேண்டும் என்றது. சமத்துவம் என்று பார்த்தால் இது நல்லதுதான். ஆனால் வலுவற்றவரைத் தூக்கிவிடுவதற்குப் பதிலாக வலுவானவரை இறக்கிச் சமம் செய்வது விவசாயிக்கு எதையும் தராது. முன்தேதியிட்டு வரி போடும் துணிச்சலும் அறிவிக்கையில் நிலத்தை எடுக்கும் துணிச்சலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பதை முதலீட்டாளர்களும் உணர வேண்டும். இன்று அந்தப் பலத்தால் அவர்களுக்கு நிலம் கிடைக்கிறது.

மாற்று வழிகளை மற்ற மாநிலங்கள் முயன்றிருக்கின்றன, எதுவும் குறையில்லாதது இல்லை. ஹரியானா 2010 கொள்கையில் இழப்பீட்டோடு 33 வருஷத்துக்கு ஆண்டுத்தொகை கொடுத்தது, ஏக்கருக்கு 21,000 ரூபாயில் தொடங்கி வருஷத்துக்கு 750 ரூபாய் ஏறும். பணத்தை ஒரே நாளில் செலவழித்துவிட்டு நிற்கும் அபாயம் குறைந்தது. ஆனால் நிலத்தின் விலை ஏறும் வேகத்துக்கு 750 ரூபாய் ஈடுகொடுக்குமா? ஆந்திரத்தின் அமராவதியில் 33,000 ஏக்கருக்கு மேல் விவசாயிகளே ஒப்புக்கொடுத்தார்கள், மேம்படுத்திய மனையில் பங்கும் பத்து வருஷத்துக்கு ஆண்டுத்தொகையும் பெறுவதாக. 2019இல் ஆட்சி மாறியது. மூன்று தலைநகர் என்றார்கள், சிங்கப்பூர் நிறுவனங்களின் கூட்டுத் திட்டம் அதே வருஷம் நவம்பரில் முடித்துவைக்கப்பட்டது. நிலத்தைக் கொடுத்தவர்கள் வயலும் இல்லாமல் நகரமும் இல்லாமல் சாலையில் உட்கார்ந்தார்கள். சிங்கப்பூர் நிறுவனங்கள் ஊருக்குத் திரும்பின. பங்காளி ஆக்குவது என்றால் நஷ்டத்திலும் பங்காளி ஆக்குவது என்று விவசாயிகள் கற்றுக்கொண்டார்கள்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத 104ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. பொது நோக்கத்துக்கு நிலம் வேண்டுமென்றால், முடிந்த இடத்தில் அரசு அதைக் கையகப்படுத்தாமல் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. சிப்காட் தன்னிடம் வரும் நிறுவனங்களுக்கு 99 வருஷக் குத்தகைதான் கொடுக்கிறது. உரிமையை விட்டுக்கொடுக்காமல் நிலத்தைத் தொழிலுக்குத் தருவது எப்படி என்று அதற்கு நன்றாகவே தெரியும். அதே ஏற்பாட்டை மேல்மா விவசாயியோடு செய்தால், ஆலை மூடினால் நிலம் யாரிடம் திரும்புவது, வாடகை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை ஏறுவது, கூட்டுப் பட்டாவில் இருக்கும் ஆறு பேரில் யாருக்கு வாடகை என்ற கேள்விகளுக்கு அது பதில் சொல்ல வேண்டியிருக்கும். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லப் போனால் பட்டாவைச் சரி செய்தே ஆக வேண்டும். 105ஏ பிரிவு விலக்கிவைத்த பட்டியலில் 104ஆம் பிரிவும் அடங்கும்.